இரண்டு நிமிட மௌனம்

மணியின் படம், அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு.
அந்தப் பொத்தானை அமுக்கினால்
மானிட்டர் இரண்டு நிமிடம் வாய் மூடும்.
ஐந்தாம் கட்டிலில் படம் தேய்ந்து
மணியும் இல்லை, கோடும் இல்லை.
என் வலது கட்டைவிரலின் வேலை அது.

ஒன்பது கட்டில். இரவுக்கு நானும் ரெஜிலாவும்.
விரலிலிருந்து கிளிப் நழுவினால் கத்தும்.
இருமினால் வென்டிலேட்டர் கத்தும்.
மூன்று மில்லி மிச்சம் இருக்கும்போதே பம்ப் கத்தும்,
தவணைக்கு முந்தின நாளே
போன் போடும் வட்டிக்காரன் மாதிரி.
ஒன்றுமில்லாததற்கு ஓடி
ஒன்றுமில்லை என்று பார்த்துத் திரும்புமுன்
இன்னொரு ஒன்றுமில்லை.

முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஓடினேன்.
செருப்பு இரண்டு மாதத்தில் தேய்ந்தது.
"நடந்து போங்க எக்கா," என்பாள் ரெஜிலா,
"நடந்தாலும் அங்கதான் கெடப்பாவ."

பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளம் கேட்பார்கள்.
அருமனைக்காரர்களும் வெள்ளம்தான்.
களியக்காவிளை செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்
தாகத்துக்கு ஒரே சொல்.
அது மெல்லிய குரல்.
இயந்திரங்களுக்கு நடுவே
குனிந்து உதட்டைப் பார்த்தால்தான் கேட்கும்.
எப்போது கடைசியாகக் குனிந்தேன்?

ஏழாம் கட்டிலில் தாசையன்.
ரப்பர் வெட்டுகிறவர். எலிக்காய்ச்சல்.
விடிய மூன்று மணி என்றால் அவருக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டி
தோட்டத்தில் இறங்குகிற நேரம்.
அன்று உறக்கத்திலும் இறங்கியிருக்கிறார்.
ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்கிலிருந்து தள்ளி
நெற்றியில் வைத்து
வாரையும் சரியாக இழுத்துவிட்டு.

அலாரம் அடித்தது.
கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.
கேட்டேன்.
ஓட்டுக்கூரையில் மழை பெய்வதைக் கேட்கிற மாதிரி
கேட்டுக்கொண்டே
மூன்றாம் கட்டிலின் மூத்திர அளவு எழுதினேன்.
ஒருமுறை எழுந்துபோய்
சென்ட்ரல் திரையில் அமுக்கியும் விட்டேன்,
அதைத்தான் விரல் படித்திருக்கிறது.

துடைத்துக்கொண்டிருந்த ஓமனாதான்
மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.
"சிஸ்டரே, அவருக்க நெறம் சரியில்ல."
அவளுக்கு எண் வாசிக்கத் தெரியாது.
முகம் பார்த்தாள்.

எழுபத்தொன்று.
மாஸ்க்கை இறக்கினேன். தலையணையை உயர்த்தினேன்.
எழுபத்தெட்டு. எண்பத்தாறு. தொண்ணூற்று மூன்று.
டாக்டர் வந்தபோது எல்லாம் பச்சை.
"ஓகே?" என்றார். "ஓகே சார்."
ரெஜிலா என்னைப் பார்க்கவில்லை.
நான் அவளாக இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

பதினோரு நிமிடம்.
மானிட்டரின் ஞாபகத்தில் மூன்று நாள் கிடந்தது.
பிறகு அதுவாகவே அழிந்துவிட்டது,
அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

எல்லை எண்களைக் கொஞ்சம் தளர்த்துங்கள்,
இன்னொரு ஆளைப் போடுங்கள் என்று
சூப்பிரண்டுக்கு எழுதினேன்.
வியாழன் மதியம் வகுப்பு நடத்தினார்கள்.
தலைப்பு: விழிப்போடு இருப்பது எப்படி.
இரவு ட்யூட்டி முடித்தவர்களும் கட்டாயம் வர வேண்டும்.

தாசையன் பிழைத்தார். நடந்தே போனார்.
அவர் பெண்சாதி கையெடுத்துக் கும்பிட்டு
நேந்திரங்காய் வறுவல் ஒரு பொதி தந்தாள்,
சணல் கட்டி, இன்னும் சூடாக.
லாக்கரில் வைத்தேன்.
எண்ணெய் காகிதத்தில் ஊறி, காகிதம் தகரத்தில் ஒட்டி,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பகலில் உறங்கி எழுந்து
குழித்துறைப் பாலம் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.
பின்னாலிருந்து பிள்ளை கூப்பிட்டிருக்கிறான்.
அம்மா.
அம்மா.
மூன்றாவது தடவை முன்னால் வந்து நின்று
என் கையையே பார்த்தான்.
"எதுக்கும்மா மேசைய அமுக்குத?"